பதவிசான ருசி

நிஷியோ,
அக்டோபர் தொடக்கம், புதன்கிழமை

அன்புள்ள ஷூஹெய்க்கு,

பக்கத்து வீட்டு வேலியோரம் கின்மொகுசெய் மரம் பூத்துவிட்டது. தெரு திரும்பும்போதே வாசம் வந்து முகத்தில் மோதுகிறது. மெக்சிகோவில் இந்த மாதம் என்ன பூக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களில் தொழிற்சாலைக் கூரையும் வெயிலும்தான் இருக்கின்றன. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள், நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

வருடா வருடம் கடைக் கதவைத் தூக்கியதும் "வந்துருச்சு" என்று முதலில் சொல்வது மாமாதான். பூ கண்ணில் படும் முன்பே அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். இந்த வருடம் நான் சொன்னேன். "அப்படியா" என்றார். அவருக்கு வேலை அதிகம்.

இன்று கடை விடுமுறை. ஊர் நூலகத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் தொலைபேசியில் பேசும்போது மாமா எதிரே ஆரஞ்சு உரித்துக்கொண்டு இருப்பார். நீங்கள் எது கேட்டாலும் "நல்லா இருக்கோம்" என்பேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வாக்கியம் அந்த மேசையில் எனக்கு அமைய மாட்டேன் என்கிறது. காகிதத்தில் கொஞ்சம் அமைகிறது.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கும்படி கம்பெனியில் கேட்கிறார்கள், வருடம் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதியிருந்தீர்கள். நான் நினைப்பதற்கு என்ன இருக்கிறது. உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

கடைச் செய்தி. தேயிலை ஆலையிலிருந்து மகினோ வந்தார். வசந்தத்தில் பறித்து, கோடை முழுக்கக் குளிரறையில் கிடந்து பக்குவப்பட்ட இலை இப்போதுதான் அரைபட்டு வருகிறது. நம் கேக்குகளுக்கு அடுத்த ஒரு வருடம் எந்த மாட்சாத் தூள் என்பதை இந்த மாதம்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்தான். இருந்தாலும் இந்த முறை நடந்ததை விவரமாக எழுதத் தோன்றுகிறது.

மகினோ வழக்கம்போல வெள்ளைக் காகிதத்தை விரித்தார். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து வரிசையாக வைத்து, விரலால் இழுத்தார். முதல் கோடு இளந்தளிர் மாதிரி கண்ணைப் பறித்தது. அது விருந்தாளிக்கு வெந்நீரில் நுரைக்கக் கலக்கிக் கொடுக்கிற தூள். கடைசிக் கோடு கொஞ்சம் மங்கல், குளத்துப் பாசியின் நிறம். அது சமையலுக்கென்று ஆலைக்காரர்கள் தனியாக வைத்திருப்பது, கசப்பும் துவர்ப்பும் கூடுதல். நாம் எப்போதும் வாங்குவது அந்தக் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அதை மட்டமான சரக்கு என்று நினைத்திருந்தேன். மாமா ஒரு வரி சொல்வாரே: "தண்ணியில ஜெயிக்கிறது வெண்ணெய்கிட்ட தோத்துப்போகும்." அதனால் அவர் ஒருநாளும் சமையல் தூளைத் தண்ணீரில் கலந்து பார்த்ததில்லை. சூடான பாலில் சர்க்கரை போட்டு அதில்தான் கலப்பார். ஒரு வாய் அவர், ஒரு வாய் நான். நான் வருவதற்கு முன்னால் அந்த இரண்டாவது வாய் உங்களுடையது.

இந்த முறையும் பாலை அடுப்பில் வைத்தேன். ஆனால் மகினோ டப்பாக்களைத் திறந்ததுமே எனக்கு அந்தப் பச்சை வாடை தொண்டையில் வந்து நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக ஒரு ஜலதோஷம், வாயெல்லாம் இரும்பை நக்கியதுபோல இருக்கிறது. பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றேன். அங்கிருந்தே பேச்சு கேட்டது.

"இந்த முதல் டப்பாவையே அனுப்பிடுங்க மகினோ."

மகினோ பல்லிடுக்கில் காற்றை இழுக்கும் சத்தம் பின்வாசல் வரைக்கும் வந்தது. "இது ரொம்ப உயர்ந்த சரக்காச்சுங்களே ஐயா. இதைப் போய் மாவுல கொட்ட மனசு வருமா?"

"வயசாகுதுப்பா. போறதுக்குள்ள ஜனங்களுக்கு நல்லதாப் போட்டுட்டுப் போறேன்."

"நீங்களா? நீங்க என்னையே வழியனுப்பி வெச்சுட்டுத்தான் போவீங்க."

சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குக் கருகல் வாடை வந்தது. உள்ளே ஓடினால், மாமா அடுப்பை ஒட்டியே நிற்கிறார், பால் பொங்கி வழிந்து அடியில் கருகிக்கொண்டிருக்கிறது. மகினோதான், "ஐயா, பால்..." என்று இழுத்தார். "தெரியும், தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மாமா. நான் அடுப்பை அணைத்தேன். மகினோ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, டப்பாக்களை மூட ஆரம்பித்தார். பாலில் கலந்து பார்ப்பது அப்படியே விட்டுப்போயிற்று.

கடையில் விற்பனையைக் கவனிக்கும் ரெய்கோ அக்கா, மகினோ போன பிறகு என் காதருகே வந்து, "உன் மாமனாருக்கு லாட்டரி ஏதாவது விழுந்துச்சா?" என்று கேட்டார். ஓசாகாக்காரர். மனதில் வந்ததை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். நான் சிரித்து வைத்தேன்.

வேறு விசேஷம் இல்லை. குளிர் தொடங்குகிறது. மாமாவின் கம்பளிச் சட்டைகளை வெயிலில் போட்டேன், உங்களுடையதையும்தான். உடுத்த ஆள் இல்லாவிட்டாலும் பூச்சி அரிக்குமே. எங்கே இருந்தாலும் உடம்பில் சூடு குறையாமல் இருங்கள்.

இகுமி


நிஷியோ,
நவம்பர் முதல் வாரம்

அன்புள்ள ஷூஹெய்க்கு,

நாட்காட்டியில் இன்று முதல் குளிர்காலம். வெளியே அப்படி ஒன்றும் தெரியவில்லை. பேரிக்காயை விலக்கிவிட்டுக் காய்கறிக்கடையில் சீமைப் பனிச்சைப் பழங்களை அடுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "எதையும் புரிந்துகொள்கிற மனைவி கிடைத்தது என் அதிர்ஷ்டம். அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கையெழுத்து அங்கே மட்டும் மிகவும் நிதானமாக இருக்கிறது.

புதிய தூள் வந்துவிட்டது. மாட்சா ரோல் கேக் இப்போது பார்க்க அவ்வளவு அழகு. வெட்டி வைத்தால் பச்சைச் சுருளும் வெள்ளை க்ரீமும் புத்தக அட்டை மாதிரி இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டியின் விளக்கு பட்டு இரண்டாம் நாள் நிறம் இறங்கிவிடுவது வேறு கதை. சமையல் தூளுக்கும் அது உண்டு என்றாலும், தளிர் நிறம் இறங்கும்போது கண்ணுக்கு அதிகமாகத் தெரிகிறது. நான் தகடுகளுக்கு மேலே காகிதம் மூடிச் சுடுகிறேன், தூளை முன்பைவிட நிதானமாகச் சலிக்கிறேன், கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக் கூழாக்கிய பிறகுதான் க்ரீமில் சேர்க்கிறேன். கட்டி தட்டவில்லை. குறை சொல்ல இடமில்லாத வேலை. ருசிதான் இல்லை.

என் நாக்கை நான் நம்பவில்லை. அதனால் ரெய்கோ அக்காவுக்கு ஒரு துண்டு கொடுத்துக் கேட்டேன். மென்றுகொண்டே கூரையைப் பார்த்தார். "பச்சைச் சட்டை போட்ட வெள்ளை கேக்" என்றார். "தேயிலைத் தோட்டம் எங்கேயோ இருக்குன்னு யாரோ சொன்ன மாதிரி இருக்கு. மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதே, அவர் மூஞ்சி வாடினா எனக்குத் தாங்காது." பட்டென்று பேசுகிற அவரே இப்படி.

வாடிக்கைக்காரர்கள் இன்னும் மரியாதை. கோயில் வீட்டு அம்மா வந்து மாமாவிடம், "இந்த வருஷம் மாட்சா ரொம்பப் பதவிசா இருக்குங்க" என்றார். மாமா தொப்பியைக் கழற்றி வணங்கினார். அடுத்த நாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஹயாகாவா வந்தார்: "பதவிசான ருசி." மாமா மறுபடி வணங்கினார். அதற்கடுத்த வாரம் அவர்கள் இரண்டு பேரும் கஷ்கொட்டை கேக் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நம் நிச்சயத்துக்கு என் வீட்டுக்கு வந்தபோது அம்மா வைத்த தெளிவான சூப்பை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மாமா சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "ரொம்பப் பதவிசா இருக்கு." நீங்கள் எல்லாரும் போன பிறகு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "உப்பில்லைன்னு சொல்லிட்டுப் போறார் உன் மாமனார். உப்புக் கரிக்கிற கருப்பு மிசோ சூப் குடிச்சு வளர்ந்த நாக்கு" என்றாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இப்போது அதே சொல்லை அவரிடமே சொல்கிறார்கள், அவர் வணங்கி வாங்கிக்கொள்கிறார். பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. சலித்த தூளையே இன்னொரு தரம் சலிக்கப் போய்விடுகிறேன்.

இனி எழுதித்தான் ஆக வேண்டும். ஜூன் மாதம் மாமாவுக்குக் காய்ச்சல் வந்ததே, அதோடு அவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆகஸ்டில் நீங்கள் வந்திருந்தபோது, "அப்பா சமையல்ல உப்பு ஏறிப்போச்சு" என்று சிரித்தீர்கள், அது அதனால்தான். அதன் பிறகு மாமா ஒவ்வொரு க்ரீமையும் என்னிடம் நீட்டி, "இகுமி, கொஞ்சம் பாரு" என்பார், ஏதோ என் கருத்தைக் கேட்பதுபோல. நானும் ஏதோ கருத்துச் சொல்வதுபோல, "ஒரு சிட்டிகை சர்க்கரை குறைக்கலாமா மாமா" என்பேன். நாங்கள் இதைச் சரியாகவே நடத்திக்கொண்டு வந்தோம். அடுத்தவர் கண்ணில் படாமல் ஒரு மேசையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல. இப்போது என் பக்கம் கை நழுவிவிட்டது. இந்த வீட்டில் நம்பத்தக்க நாக்கு ஒன்றுகூட இல்லை.

என் ஜலதோஷத்தைக் கேட்டிருந்தீர்கள். ஜலதோஷம் இல்லை என்கிறார் டாக்டர். கவலைப்பட ஒன்றுமில்லை, இப்படி இருப்பது வழக்கம்தான் என்கிறார். தேநீரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். எந்நேரமும் தூக்கம் வருகிறது. மாவு மூட்டையைப் பார்த்தால் அதன் மேலேயே தலை வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மழுப்பிப் பேசுவதைத் தேநீரைக் கலக்குவது என்று சொல்கிறோம் அல்லவா? முறை தெரியாதவர்கள் பச்சையாக நுரைத்தால் சரி என்று எப்படியோ கலக்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வதிலிருந்து அந்தச் சொல் வந்தது என்று இங்கே நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். மூடி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

அங்கே சாலையில் கவனமாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசலாம். நான் "நல்லா இருக்கோம்" என்பேன்.

இகுமி


நிஷியோ,
நவம்பர் இறுதி, விரைவுத் தபாலில்

அன்புள்ள ஷூஹெய்க்கு,

இந்த முறை பூவும் பருவமும் இல்லாமல் தொடங்குவதற்கு மன்னியுங்கள். வெளியே மழை. அவ்வளவுதான் பருவம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கடிதம் வந்ததாகச் சொன்னீர்கள். "அப்பாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டு. நீயும் உடம்பைப் பாத்துக்கோ" என்றீர்கள். டாக்டர் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்கள்மேல் தப்பில்லை. நான் கலக்கிக் கொடுத்ததை நீங்கள் அப்படியே குடித்துவிட்டீர்கள்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைகளுக்குக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்கு அழைத்துப்போகும் திருநாள்தான் இந்த மாதத்தில் நமக்குப் பெரிய வியாபாரம். அன்று ஸ்ட்ராபெரி போயிற்று, கஷ்கொட்டை போயிற்று. மாட்சா ரோல்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு சின்னப் பெண், சிவப்பு நாடா கட்டியவள், கண்ணாடியில் விரலை வைத்து "அந்தப் பச்சை வேணும்" என்றாள். அவள் அம்மா குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள், "அது அழகா இருக்கும், அவ்வளவுதான்டா கண்ணு." மாமா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மறுநாள் மழை. மத்தியானம் ஆள் நடமாட்டமே இல்லை. ரெய்கோ அக்கா பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். மாமா மீந்த ரோலில் ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்து, முள்கரண்டியோடு என் முன்னால் வைத்தார்.

"சாப்பிட்டுச் சொல்லு."

ஜூனுக்குப் பிறகு அவர் அப்படிக் கேட்டதில்லை. "கொஞ்சம் பாரு" என்றுதான் கேட்பார். நான் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தேன். இரும்பு, வெண்ணெய், இரும்பு. விழுங்கினேன். என் வாயிலிருந்து தானாக வந்தது:

"ரொம்பப் பதவிசா இருக்கு, மாமா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ரெய்கோ அக்கா மடித்த பெட்டியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

மாமா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீயுமா?" என்றார். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "அந்த வார்த்தைய நான் எத்தனை வீட்டுல சொல்லியிருக்கேன் தெரியுமா? உங்கம்மா சூப்பைக்கூட விட்டு வைக்கலே. கோயில் வீட்டம்மா சொன்னப்போ எனக்குப் புரியலைன்னு நெனச்சியா? வணங்காம வேற என்ன பண்றது, அடிக்கவா முடியும்?"

"தெரிஞ்சா ஏன் மாமா..."

"எனக்குக் கண்ணு ஒண்ணுதான் மிச்சம். கண்ணுக்கு நல்லா இருந்ததை எடுத்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "இத்தனை மாசம் கேட்டீங்கல்ல."

மாமா ரெய்கோ அக்காவைப் பார்த்தார். ரெய்கோ அக்கா பெட்டியைப் பார்த்தார். பிறகு மாமா சொன்னார்: "மகினோ டப்பாவைத் தொறந்ததும் நீ வாயைப் பொத்திக்கிட்டு அந்தக் கதவு வழியா ஓடினே. ஷூஹெய் வயித்துல இருந்தப்போ அவங்கம்மாவும் அதே கதவு வழியாத்தான் ஓடுவா. அவ ஓடுறதைப் பாத்தும், 'க்ரீமைக் கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்'னு ஒருநாள் கூப்பிட்டேன். வந்தா. பாத்தா. வெளிய போய் வாந்தி எடுத்தா. அப்புறம் கேட்கறதை விட்டுட்டேன். உன்னை மட்டும் எப்படிக் கூப்பிடுவேன்?"

ஷூஹெய், கொஞ்ச நாளாக மாவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. அதன் மேல் ஒரு மெத்தையும். ஜன்னல் குளிரிலும் ஒரு கையளவு திறந்தே இருந்தது. ரெய்கோ அக்கா தனக்காகச் செய்துகொண்டது என்று நான் நினைத்து, அதில் உட்காரவே இல்லை.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா."

"நானும் என் மூக்கைப் பத்தி அவன்கிட்ட சொல்லலே." மேசைமேல் கிடந்த தொப்பியை எடுத்து மடித்தார். "நல்ல வீடு."

ரெய்கோ அக்கா அதற்குமேல் தாங்கவில்லை. "ரெண்டு பேரும் ரொம்பப் பதவிசு!" என்று கத்தினார். "ஒருத்தர் மூக்கு போயி அஞ்சு மாசம், ஒருத்தி வயித்துல புள்ள. நடுவுல நான் பெட்டி மடிச்சுக்கிட்டு இருக்கேன். கேக்கு நல்லா இல்லீங்க மாமா. நல்லாவே இல்லே. போதுமா?"

மாமா சிரித்தார். ஜூனுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், முக்காலியில் உட்கார்ந்துதான். உட்கார்ந்த பிறகு எழ முடியவில்லை.

ஆக, உங்களுக்கும் செய்தி தெரிந்துவிட்டது. மே மாதம் என்கிறார் டாக்டர், தோட்டங்களில் முதல் கொழுந்து பறிக்கிற சமயம். எல்லாம் சரியாக இருக்கிறதாம். முதலில் உங்களிடம்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் எழுதத் தொடங்கும்போதெல்லாம் உங்கள் கையெழுத்துப் பிரச்சினை குறுக்கே வந்து நின்றது. சொன்னால் உங்களைக் கட்டி இழுப்பதுபோல ஆகிவிடுமே என்று இருந்தது. இப்போது கட்டி இழுக்கத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் தூளின் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாளே மாமா மகினோவை வரச்சொன்னார். மகினோ எதுவும் கேட்கவில்லை. முதல் டப்பாவைக் கொண்டு வரவே இல்லை, அந்த மட்டில் கெட்டிக்காரர். பாசி நிறத் தூள்களில் மூன்றை எடுத்து வந்திருந்தார். பால் காய்ச்சியது ரெய்கோ அக்கா. நான் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், முகத்தைத் தெருப் பக்கம் வைத்துக்கொண்டு முக்காலியில். மாமா தூளைப் பார்க்கவே இல்லை. கோப்பையைப் பார்க்கவில்லை. ரெய்கோ அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

முதல் கோப்பைக்கு அக்கா, "ம், நல்லாத்தான் இருக்கு" என்று கோப்பையைக் கீழே வைத்தார். மாமா தலையை ஆட்டி அதை ஒதுக்கினார். இரண்டாவதற்கு, "தொண்டையில மண்ணு மாதிரி நிக்குது" என்றார். அதுவும் போயிற்று. மூன்றாவதை ஒரு வாய் குடித்ததும் அக்காவின் கண் இரண்டும் மூடிக்கொண்டன. "ஐயய்யோ, கசக்குது!" என்றார். பிறகு கை தானாகக் கோப்பையைத் தேடிப் போயிற்று. "இருங்க, இன்னொரு வாய் பாக்கறேன்."

"இதுதான்" என்றார் மாமா. மகினோ டப்பாவை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மீந்த அந்த அழகான பச்சைத் தூளை மாமா நம் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். தாத்தாவாகும் ஆளுக்கு விருந்தாளிகள் வருவார்களாம்.

டாக்டரிடமும் போனோம். மாமாவின் மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். ரெய்கோ அக்கா வாரத்தில் கூடுதலாக ஒருநாள் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் வாய் கேக்கைச் சொல்லும், மாவு பிசையாது. எனக்குப் படியேற மூச்சு வாங்குகிறது. கால் இப்போதே கனக்கிறது. மாமா மாவு மூட்டையை என்னிடமிருந்து பிடுங்குகிறார், நான் அவரிடமிருந்து பிடுங்குகிறேன், இரண்டு பேருக்கும் அதைத் தூக்குகிற வயதோ நிலையோ இல்லை.

"உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள்" என்று அக்டோபரில் எழுதினேனே, அது என் பதவிசான வாக்கியம். பார்க்க அழகாக இருந்தது. நீங்களும் வணங்கி வாங்கிக்கொண்டீர்கள். இரண்டு வருடம் என்கிற வெண்ணெயும் சர்க்கரையும் பட்டதும் அது இருந்த இடம் தெரியவில்லை. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்துப் போட வேண்டாம். எனக்கு முடியவில்லை, ஷூஹெய்.

இதைக் கசப்பாகச் சொல்ல நான் பழகவில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே எதை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

இதோடு ஒரு சிறு உறையில் அந்த மூன்றாவது தூளை வைத்திருக்கிறேன். வெளிச்சம் படாத உறை, வந்ததும் திறந்துவிடுங்கள், வைத்திருந்தால் வாடிவிடும். தேநீர் வடிகட்டியிலாவது ஒருமுறை சலித்துக்கொள்ளுங்கள். முதலில் துளி வெந்நீரில் குழையுங்கள், பிறகு சூடான பால், ஒரு கரண்டி சர்க்கரை. தண்ணீரில் மட்டும் கலந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், அது இதற்கு நியாயமில்லை. கசக்கும். கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

அதன் பிறகு கை தானாகக் கோப்பையைத் தேடிப் போனால், பதில் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம், புறப்பட்டு வாருங்கள். வழியெல்லாம் உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறோம்.

உங்கள்
இகுமி